ஊட்டி மலை ரயில்: பிள்ளைகளோடு எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது

மேட்டுப்பாளையத்தில் காலை 7:10-க்குக் கிளம்பும் நீலகிரி மலை ரயில் ஊட்டிக்குப் போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். தூரம் 46 கிலோமீட்டர்தான். பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வழியும் கிடையாது. நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இதில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் "மலை ரயில் போர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ரயிலில் குறை இல்லை. அந்த வயதுக்கு அவர்கள் எடுத்த டிக்கெட் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல பயணம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. அதற்குக் கீழே என்றால் முழுப் பாதை வேண்டாம். பாதையில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எந்தத் துண்டு என்பதை முடிவு செய்ய, இந்த ரயில் எப்படி ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர். அங்கிருந்து 8 கிலோமீட்டரில் இருக்கும் கல்லாறு வரை தண்டவாளம் மற்ற ஊர்களில் இருப்பதைப் போலத்தான். கல்லாறு 405 மீட்டர், குன்னூர் 1,712 மீட்டர். நடுவில் இருப்பது 20 கிலோமீட்டர் மட்டுமே. அதற்குள் 1,300 மீட்டர் ஏற வேண்டும். மிகச் செங்குத்தான இடத்தில் 12.28 மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் மேலே போயிருப்போம். வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் அந்த ஏற்றத்தைத் தாங்காது, வழுக்கிவிடும். அதனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்கள் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. பல்சட்டம் ஒன்றல்ல, இரண்டு. அடுத்தடுத்து இருக்கும் அந்த இரண்டில், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி வைத்திருப்பார்கள். அதனால் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். இந்தியாவில் பல்சட்ட ரயில் பாதை இது ஒன்றுதான்.

எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். மேலே போகும்போது பின்னாலிருந்து தள்ளும், கீழே வரும்போது முன்னால் நின்று தாங்கும். ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கைப் பிரேக்கை இயக்குவார். எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரங்களுக்கு. கல்லாறு தாண்டியதும் இரண்டாவது ஜோடியும் வேலை செய்யத் தொடங்கும். எஞ்சினின் மூச்சு அங்கே மாறுவது காதுக்கே தெரியும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அந்த இடத்துக்காகக் காத்திருப்பார்கள். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் போல.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அங்கிருந்து ஊட்டிவரை பல்சட்டம் கிடையாது. பாதை குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் திறக்கப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆக, நீராவியும் பல்சக்கரமும் சுரங்கங்களில் பெரும்பாலானவையும் கீழ்ப் பாதியில் இருக்கின்றன. தேயிலைத் தோட்டம், கேத்தி பள்ளத்தாக்கு, யூகலிப்டஸ் காடு, குளிர் எல்லாம் மேல் பாதியில். டிக்கெட் எடுக்கும் முன் வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் குன்னூர்–ஊட்டி மட்டும் போதும். 18 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒரு நாளைக்குப் பல நடை ஓடுகிறது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று கொஞ்ச நேரத்துக்கு ஒரு ஸ்டேஷன் வருவதால் பிள்ளை சலிக்காது. இதில் லவ்டேல்தான் பாதையிலேயே உயரமான இடம், 2,345 மீட்டர். ஊட்டி ஸ்டேஷன் அதைவிடத் தாழ்வு, 2,203 மீட்டர். மலை உச்சியில் ஊட்டி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, கடைசி நான்கு கிலோமீட்டர் ரயில் இறங்கித்தான் போகிறது என்பது பெரிய ஆச்சரியம்.

ஐந்து முதல் எட்டு வயதுக்கு, பலரும் யோசிக்காத ஒரு வழி உண்டு. ஏறும்போது பஸ்ஸிலோ காரிலோ போய்விட்டு, திரும்பும் நாளில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயிலில் இறங்குவது. ஊட்டியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பும் ரயில் சுமார் 3:15-க்குக் குன்னூர் வந்து, மாலை 5:35-ஐ ஒட்டி மேட்டுப்பாளையம் சேரும். குன்னூரில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் நீராவி எஞ்சின், பல்சட்டம், பாலங்கள், சுரங்கங்கள் அத்தனையும் கிடைத்துவிடும். ஏறும்போது இதே தூரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறக்கத்தில் எஞ்சின் மூச்சு வாங்காததால் புகையும் குறைவு. சென்னை திரும்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தில் இரவு 9 மணிக்கு மேல்தான் கிளம்பும். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் ஊருக்குள் போய் நிதானமாகச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். ஆனால் எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டு ரயிலை மலைமேல் தள்ளும் அந்தச் சத்தம் இறக்கத்தில் இருக்காது. அதற்கு ஏற்றத்தில்தான் போக வேண்டும். எட்டு வயதுக்கு மேல் முழு ஏற்றத்தையும் சொல்வது அதனால்தான்.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். ஐஆர்சிடிசி தளத்தில் மேட்டுப்பாளையத்துக்கு எம்டிபி, குன்னூருக்கு ஓஎன்ஆர், ஊட்டிக்கு யூஏஎம். 'ஊட்டி' என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் 'உதகமண்டலம்' என்று தேட வேண்டும். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். மே 10-ஆம் தேதிப் பயணத்துக்கு மார்ச் 11-ஆம் தேதி காலை உட்கார வேண்டும். ஏப்ரல், மே மாதச் சனி ஞாயிறுகளுக்கு அன்று தவறவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான். ரயிலில் இருப்பதே நான்கைந்து சிறு பெட்டிகள், அதனால் வெயிட்டிங் லிஸ்ட் நகர்வது கடினம். பிள்ளைகளிடம் ஆசை காட்டிவிட்டு அதை நம்பிக் கிளம்பாதீர்கள். கோடை விடுமுறையில் தெற்கு ரயில்வே சிறப்பு ரயில்கள் விடுவதுண்டு. கட்டணம் கூடுதல், ஆனால் இடம் கிடைக்கும் வாய்ப்பும் கூடுதல். அறிவிப்பு தாமதமாக வரும் என்பதால் மார்ச் கடைசியிலிருந்தே கவனித்து வர வேண்டும்.

ஐந்து வயது நிறையாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், இருக்கையும் கிடையாது. இருக்கை வேண்டும் என்றால் பெரியவர் கட்டணம் கொடுக்க வேண்டும். குன்னூர்–ஊட்டி என்றால் மடியிலேயே சமாளிக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை போவதாக இருந்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் இருக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடிப்பதற்கு உங்கள் முழங்கால்கள் ஐந்து மணி நேரம் கஷ்டப்படும்.

இரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு அறையிலும் எதிரெதிராக இரண்டு நீளப் பலகைகள். எதிரே இருப்பவர் முழங்காலும் நம் முழங்காலும் முட்டிக்கொள்ளும் அளவுக்குத்தான் இடைவெளி. அறைக்கு அறை நேரடியாக வெளியே திறக்கும் கதவு. உள்ளே நடைபாதை கிடையாது. இங்கேதான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. நான்கு பேருக்கு எடுத்த டிக்கெட் இரண்டு அறைகளில் பிரிந்து விழுந்தால், அடுத்த ஸ்டேஷன் வரும்வரை அம்மா ஒரு அறையில், பிள்ளை ஒரு அறையில். தண்ணீர் பாட்டிலைக்கூடக் கொடுக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே பிஎன்ஆரில் எடுப்பது முதல் பாதுகாப்பு. அப்படியும் பிரிந்தால், ரயில் கிளம்பும் முன் பிளாட்பாரத்திலேயே பக்கத்து அறைக்காரரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். பிள்ளையைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. கிளம்பிய பிறகு பேசிப் பயனில்லை. பிள்ளைக்குத் தேவையான தண்ணீர், தின்பண்டம், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, பிள்ளை இருக்கும் அறையிலேயே அந்தப் பையையும் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

முதல் வகுப்புப் பெட்டி பெரும்பாலும் ஏற்றத்தில் முன்னால் இருக்கும். மெத்தை இருக்கை. எஞ்சின் பின்னால் இருப்பதால் முன் வரிசைக்காரர்களுக்குப் பாதை நேராகத் தெரியும், பிரேக்ஸ்மேன் தோளுக்கு அப்பால். கட்டணம் இரண்டாம் வகுப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெரியவர்கள் மட்டும் போவதானால் அவசியம் இல்லை. எஞ்சின் பைத்தியம் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பணம் வீண் போகாது. ஆனால் முன் வரிசைதான் கிடைக்கும் என்று உறுதி கிடையாது. அதை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம்.

இடது பக்கமா வலது பக்கமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பாதையில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள். பள்ளம் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். குன்னூரில் ரயில் கொஞ்ச தூரம் பின்னோக்கி வந்துதான் ஊட்டிப் பாதையைப் பிடிக்கும். பக்கத்தைவிட முக்கியம் ஜன்னலோரம். இரண்டு பிள்ளைகள் என்றால் எதிரெதிர் ஜன்னலில் உட்கார வைத்து, நடுவழியில் ரயில் நிற்கும் ஹில்குரோவ் ஸ்டேஷனில் பக்கம் மாற்றிவிடலாம்.

இனி பையில் என்ன இருக்க வேண்டும் என்று பார்ப்போம். பெரிய சூட்கேஸ் வேண்டவே வேண்டாம். பலகைக்கு அடியில் முதுகுப் பை போகும், சக்கரப் பெட்டி போகாது. குடும்பத்தில் ஒருவர் சாமான்களோடு பஸ்ஸிலோ டாக்ஸியிலோ முன்னால் போவது நல்ல ஏற்பாடு. அவர் ரயிலுக்கு முன்பே ஊட்டி போய்ச் சேர்ந்து அறையைத் திறந்து வைத்திருப்பார். சொந்தக் காரிலோ டாக்ஸியிலோ போகிறவர்களுக்கு நீலகிரிக்கான இ-பாஸ் வேண்டும், ஆன்லைனில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்குத் தேவை இல்லை.

நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. அபராதம் போடுவார்கள். ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டிலை மேட்டுப்பாளையத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ரயிலில் தின்பண்டம் விற்க யாரும் வரமாட்டார்கள். நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு அது மேட்டுப்பாளையம் சேர்வதற்கும் மலை ரயில் கிளம்புவதற்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும். அதற்குள் மூன்று வேலைகள். முதலில் கழிப்பறை, பிள்ளை "வரவில்லை" என்றாலும் கூட்டிப் போக வேண்டும். அடுத்து இட்லிப் பொட்டலம். சட்னி சாம்பாரை விட்டுவிட்டுப் பொடி தடவிய இட்லியாக வாங்குங்கள், ஆடும் பெட்டியில் சாம்பார் யார் மடியில் கொட்டும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது, பின்னால் போய் எஞ்சினைப் பார்த்துவிட்டு வருவது. ரயில் கிளம்பிவிட்டால் எஞ்சின் கண்ணில் படுவது வளைவுகளில் மட்டும்தான், அதுவும் முன் பெட்டிக்காரர்களுக்கு.

ஸ்வெட்டரை எல்லாப் பைக்கும் மேலே வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் வியர்க்கும், ஹில்குரோவ் தாண்டியதும் காற்று மாறும், லவ்டேலில் பல் கிட்டும். வெள்ளை உடுப்பு வேண்டாம், கரித்துகள் படியும். ஏற்றத்தில் கடைசிப் பெட்டிக்குத்தான் அதிகம். சுரங்கத்துக்குள் நுழையும்போது ஜன்னல் கண்ணாடியை மூடிவிட்டால் புகை உள்ளே சுழலாது. ஆஸ்துமா இருக்கும் பிள்ளை என்றால் இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கடைசிப் பெட்டியில் இடம் கிடைத்தால் மாற்றிக்கொள்ளப் பாருங்கள், முடியவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு மேல் பாதிப் பயணமே போதும்.

சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் ரயிலில் அநேகமாக எடுப்பதில்லை. வேகம் குறைவு, வளைவு மெதுவாக வரும். காது அடைப்பும் குறைவுதான். கல்லாறு தாண்டிய பிறகு அவ்வப்போது ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் போதும்.

கவனமாக இருக்க வேண்டியது தலையும் கையும்தான். பாறையை வெட்டிய இடங்களிலும் சுரங்க வாசலிலும் சுவர் ஜன்னலுக்கு மிக அருகில் வரும். ரயில் மெதுவாகப் போவதால் பிள்ளைகளுக்குப் பயம் வராது, அதுதான் ஆபத்து. ஜன்னலோரப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். ஏறியதும் கதவின் கொண்டி விழுந்திருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.

கல்லாறில் பாக்குத் தோப்பு, அது முடிந்ததும் காடு. இந்தப் பகுதி யானைகள் மலைக்கும் சமவெளிக்கும் போய்வரும் வழி. காலையில் போகும் ரயிலிலிருந்து சில நாள் யானை தெரியும். தெரியும் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பாலங்களை எண்ணச் சொல்வதைவிடச் சுரங்கங்களை எண்ணச் சொல்லுங்கள், 250 வரை எந்தப் பிள்ளையும் பொறுமையாக எண்ணாது. 16 எண்ண முடியும். ஒவ்வொரு சுரங்கத்திலும் எல்லாப் பெட்டியிலிருந்தும் பிள்ளைகள் கூச்சல் போடுவதால் எதுவும் விட்டுப்போகாது.

18-ஆவது கிலோமீட்டரில் ஹில்குரோவ். எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும் இடம். கீழ்ப் பாதியில் கழிப்பறைக்கு இதைத்தான் நம்ப வேண்டும். ரயில் நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், வரிசை நீளும். ஒரு பெரியவர் பிள்ளையோடு நேராகக் கழிப்பறைக்கும், இன்னொருவர் டீக்கடைக்கும் போவது சரியாக வரும். முதலில் டீ குடித்துவிட்டுப் பிறகு வரிசையில் நிற்பவர்கள்தான் விசில் சத்தம் கேட்டு ஓடுகிறார்கள். கையில் வடையை வைத்துக்கொண்டு பிள்ளையை பிளாட்பாரத்தில் நிற்க விடாதீர்கள். குரங்குகள் பெரியவர்களைப் பார்த்துத் தயங்கும், பிள்ளைகளைப் பார்த்துத் தயங்காது. வண்டியை விட்டு இறங்கும்போது ஜன்னலை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் பையில் இருக்கும் பிஸ்கட் போய்விடும். இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தால் தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கும் பல்சட்டத்தைப் பிளாட்பார ஓரத்திலிருந்து காட்டுங்கள். பற்கள் மாற்றி மாற்றி இருப்பது நன்றாகத் தெரியும்.

குன்னூரில் எஞ்சின் மாற்றும் நேரம் தாராளமானது. எட்டு வயதுக்குக் கீழ் இருக்கும் பிள்ளை அதற்குள் அடம்பிடிக்க ஆரம்பித்திருந்தால் வெட்கப்படாமல் இங்கேயே இறங்கிவிடலாம். பார்க்க வந்தது கிடைத்துவிட்டது. சிம்ஸ் பூங்காவில் ஓடவிட்டு, வர்க்கி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஊட்டி போகலாம்.

எந்த மாதம் போவது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாறையும் மண்ணும் பாதையில் சரிவது வழக்கம். அப்போது மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதியை நிறுத்திவிடுவார்கள், சில நேரம் நாள்கணக்கில். ரயில்வே ரத்து செய்தால் முழுப் பணமும் தானாகவே திரும்பி வரும். ஆனால் ஊட்டியில் போட்ட அறை முன்பணம் திரும்பாது. அரையாண்டு விடுமுறைக்குத் திட்டமிடுகிறவர்கள் இதை மனதில் வைத்து, ரத்து செய்ய வழியுள்ள அறையாக எடுங்கள். மேல் பகுதி பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், குன்னூர்–ஊட்டி டிக்கெட்டை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம். மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக் கூட்டம். பொங்கல் விடுமுறை நல்ல தேர்வு: மழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், மே மாத நெரிசல் இருக்காது. ஆனால் ஊட்டியில் இரவில் உறைபனி விழும் காலம், கைக்குழந்தை இருந்தால் குன்னூரில் தங்குவது மேல்.

குறை என்று சொல்ல வேண்டியவை இரண்டு. ஐந்து மணி நேரப் பயணத்துக்குக் கீழ்ப் பாதியில் ஒரே ஒரு கழிப்பறை நிறுத்தம் என்பது பிள்ளைகளுக்குப் போதாது. டயபர் பழக்கம் விட்டு ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளைக்கு அன்று ஒருநாள் மறுபடி போட்டுவிடுவதே நல்லது. இரண்டாவது, குடும்பத்தை ஒரே அறையில் உட்கார வைக்க முன்பதிவில் உறுதியான வழி இல்லாதது. உள்ளே நடந்து போக வழியுள்ள பெரிய பெட்டிகளில் அது தொல்லை இல்லை, அறை அறையாகப் பூட்டிய இந்தப் பெட்டிகளில் தொல்லைதான்.

ஊட்டியில் இறங்கும்போது பசியும் குளிரும் சேர்ந்து பிள்ளைகள் சிணுங்குவார்கள். நேராகப் படகுத்துறைக்குப் போய் வரிசையில் நிற்காமல், முதலில் சூடாக ரசமும் சோறும் கிடைக்கும் கடையைப் பாருங்கள். படகு மறுநாள் காலையில், படகுத்துறை திறக்கும் நேரத்தில், கூட்டம் சேரும் முன்.